சித்திரைக்கு நேர் தெற்கே

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நிலாவின் பள்ளங்கள், வியாழனைச் சுற்றும் நாலு நிலாக்கள், சனியின் வளையம் இவற்றையெல்லாம் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டீர்கள். அதன் பிறகு எதைத் தேடினாலும் அகப்படவில்லை, வெறும் கறுப்பு வட்டம்தான் தெரிகிறது, கருவியில் கோளாறா, விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்காதீர்கள். 76 மி.மீ. ஆடி, 700 மி.மீ. குவியத்தூரம் என்று எழுதியிருக்கிறீர்கள்; அது போதும். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசில் இருந்த சார்ல் மெசியே இதைவிடச் சற்றே பெரிய கருவிகளைக் கொண்டுதான் வானத்தைச் சலித்தார். நிலாவும் கோள்களும் தாமாகவே கண்ணில் படுகிறவை. அந்தப் பக்கம் குழாயைத் திருப்பினால் வந்துவிடும். மற்றவற்றைத் தேடிப் போக வழி தெரிய வேண்டும். உங்களிடம் இல்லாதது அந்த வழி ஒன்றுதான். ஆகவே இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வழியை எழுதுகிறேன். பெரம்பலூர்ப் பக்கத்து மொட்டை மாடியிலிருந்து போகக்கூடிய வழி.

முதலில் கருவியைச் சரிப்படுத்திக்கொள்வோம். பெட்டியின் மேல் 525 மடங்கு என்று போட்டிருக்கிறது, அதனால் எப்போதும் 4 மி.மீ. ஐபீஸையும் பார்லோ வில்லையையும் சேர்த்தே மாட்டுகிறேன் என்கிறீர்கள். இரண்டையும் கழற்றி வையுங்கள். குவியத்தூரத்தை ஐபீஸின் அளவால் வகுத்தால் வருவது உருப்பெருக்கம். 700ஐ 4ஆல் வகுத்தால் 175. மூன்று மடங்கு பார்லோவும் சேர்ந்தால் 525. ஆனால் 76 மி.மீ. ஆடி தாங்குவது 150 மடங்கு வரைதான். அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். அதோடு 175 மடங்கில் உங்கள் கண்ணுக்கு அகப்படும் வானம் ஒரு முழுநிலாவின் அகலம்கூட இல்லை. அவ்வளவு சின்னத் துவாரத்தை வைத்து முழு வானத்தையும் துழாவினால் எது கிடைக்கும்? 25 மி.மீ. ஐபீஸைப் போடுங்கள். 28 மடங்கு. மூன்று நிலாக்களைப் பக்கம் பக்கமாக வைக்கிற அளவுக்கு இடம் கிடைக்கும். தேடுவதற்கு அதுதான் சரி.

அடுத்து, மேலே மாட்டியிருக்கும் சின்ன ஃபைண்டர். அதைப் பகலிலேயே சரிசெய்துவிட வேண்டும். ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பெரிய குழாயின் நடுவில் கொண்டுவந்து, அதே உச்சி ஃபைண்டரின் குறுக்குக் கம்பியிலும் விழும்வரை திருகாணிகளைத் திருகுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் கருவி திரும்பவே கூடாது. ஒரு நொடி போதும், கண் போய்விடும். கோபுரம் தலைகீழாகத் தெரிந்தால் பதற வேண்டாம். ஆடித் தொலைநோக்கியில் மேல் கீழும், இடம் வலமும் மாறித்தான் தெரியும். இரவில் வரைபடத்தையும் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகும். புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். ஒருவரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

நீங்கள் வைத்திருப்பது மெசியேயின் பட்டியல். நல்ல பட்டியல். அவர் தேடியது வால்நட்சத்திரங்களை. அவற்றைப் போலவே மங்கலாகத் தெரிந்து ஏமாற்றும் பொருள்களில் யாரும் சிக்கிக்கொள்ளக் கூடாதென்று ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். 1781இல் அது 103 ஆயிற்று. ஆனால் அவர் இருந்தது 49 டிகிரி வடக்கே. அங்கிருந்து தெற்கு வானத்தின் ஒரு பெரும்பகுதி அடிவானத்துக்கு மேல் வருவதே கிடையாது. நீங்கள் இருப்பது 11 டிகிரியில். புத்தகங்கள் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தொடங்குகின்றன. உங்கள் ஊரில் அது வடக்கே 11 டிகிரி உயரத்தில், எதிர்வீட்டுத் தென்னை மறைத்துவிடுகிற உயரத்தில் நிற்கிறது. நமக்குத் தெற்குதான் சொத்து. நட்சத்திரங்கள் பந்துபோலத் திரண்டிருக்கும் கோளக் கொத்துகளிலேயே மிகப் பிரகாசமானது வருடந்தோறும் நம் மாடிக்கு நேராக ஏறி இறங்குகிறது. நம் பிள்ளைகளோ லண்டன் வானத்துக்கு எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு வடக்கே தேடிக் களைத்துப்போகிறார்கள். எனக்கு இதில் மிகவும் வருத்தம் உண்டு.

அந்தக் கொத்துக்கு ஒமேகா சென்டாரி என்று பெயர். மெசியே பட்டியலில் அது இல்லை. பாரிசில் அது உதிப்பதே இல்லை.

நம் அட்சரேகையின் அருமையைத் தெரிந்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெடிகுலி என்ற ஒளிமாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதுவும் ஐரோப்பாவில் தெரியாத தெற்கு நட்சத்திரம். சென்னையிலேயே 14 டிகிரிக்கு மேல் ஏறாது. ஜவ்வாது மலையில் வானாய்வகத்துக்குக் காவலூரைத் தேர்ந்தெடுத்தபோதும், நகர வெளிச்சம் எட்டாத இடம் என்பதோடு வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டும் கைக்கு எட்டும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே நிற்கிறது. அதே தெற்கு உங்கள் மாடிக்கும் உண்டு.

இனி வழி. சித்திரை நட்சத்திரத்திலிருந்து புறப்படுவோம். பெயர் உங்களுக்குத் தெரியும். கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிறோம், கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறோம். வானத்தில் அதை நேரில் பார்த்தவர்கள் குறைவு. சித்ரா பௌர்ணமியன்று முழுநிலா இருக்கும் பகுதியில்தான் அது இருக்கும். நிலா இல்லாத நாளில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பிடியுங்கள். அதன் வால் வளைந்து போகும் போக்கிலேயே நீட்டிக்கொண்டு வந்தால் செம்மஞ்சளாக ஒரு பெரிய நட்சத்திரம், அது சுவாதி. வளைவை விடாமல் இன்னும் நீட்டினால் நீலவெள்ளையில் சித்திரை. கையை முழுதாக நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி; சுண்டுவிரல் 1 டிகிரி. சுவாதிக்கும் சித்திரைக்கும் இடையே மூன்று முஷ்டிக்குச் சற்று அதிகம். இன்னும் சந்தேகமாக இருந்தால் சித்திரைக்கு மேற்கே பாருங்கள். கோணலான சதுரமாக நாலு நட்சத்திரங்கள் நின்றால் அது அஸ்தம். நீங்கள் பிடித்தது சித்திரைதான்.

சித்திரை தெற்கு வடக்குக் கோட்டில் உச்சிக்கு வரும் நேரம் முக்கியம். ஏப்ரல் நடுவில் நள்ளிரவு வாக்கில் வரும். மே நடுவில் இரவு பத்தைத் தாண்டி. ஜூன் நடுவில் எட்டு மணிக்கே. அந்த நேரத்தில் தெற்கு முகமாக நின்றால் சித்திரை உங்கள் தலைக்குச் சற்று முன்னே, 67 டிகிரி உயரத்தில் இருக்கும். நாம் போக வேண்டியவை எல்லாம் அதற்கு நேர் கீழே, கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இறங்குகின்றன. வானம் இவ்வளவு ஒழுங்காக வழி காட்டும் இடங்கள் அதிகம் இல்லை.

ஊரில் வழி சொல்லும்போது பிள்ளையார் கோயில் வரை போங்க, அங்கிருந்து ரேஷன் கடை, அதைத் தாண்டினால் புளியமரம் என்று சொல்வோமே, அப்படித்தான் இதுவும். சித்திரையிலிருந்து ஒரு முஷ்டியும் கொஞ்சமும் கீழே இறங்கினால், கோட்டுக்குச் சற்றே வலப்புறமாக, நடுத்தர வெளிச்சத்தில் காமா ஹைட்ரே. அங்கிருந்து அதே அளவு இன்னொரு இறக்கம், ஐயோட்டா சென்டாரி. அதன் ஒளி 59 ஆண்டுக்கு முன் கிளம்பியது. சித்திரையின் ஒளி ஏறத்தாழ 250 ஆண்டுக்கு முன். இந்த இரண்டு படிகளையும் வெறும் கண்ணாலேயே பழகிக்கொள்ளுங்கள். யாரிடமாவது 10×50 பைனாகுலர் இருந்தால் கேட்டு வாங்கி, அதில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் தொலைநோக்கி.

வழியில் ஒரு கிளைப்பாதை இருக்கிறது. காமா ஹைட்ரேக்கும் ஐயோட்டாவுக்கும் நடுவழியில் நின்று இடப்பக்கம், அதாவது கிழக்கே, நாலு டிகிரி நகர்ந்தால் எம் 83. இது மெசியே பட்டியலில் இருப்பதுதான். ஆனால் பாரிசில் 11 டிகிரி உயரத்துக்கு மேல் அது வராது. அளவுக் கம்பிகள் தெரிவதற்காகச் சிறிது வெளிச்சம் காட்டினாலே மறைந்துவிடுகிறது என்று மெசியே சிரமப்பட்டுக் குறித்திருக்கிறார். உங்களுக்கு அது 49 டிகிரி உயரத்தில் நிற்கும். நம்மை நோக்கி முகம் காட்டி நிற்கும் சுருள் கேலக்ஸி அது, சுமார் ஒன்றரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவில். உங்கள் கருவியில் சுருள் தெரியாது. ஒரு வெளிறிய புகை மட்டும் தெரியும். அதுவும் நல்ல இருட்டில்.

அந்தப் புகையைப் பார்த்துப் பெரிய காரியம் செய்தவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஜாக் பென்னெட் என்ற அமெச்சூர் வானியலாளர், மெசியே செய்ததைத் தெற்கு வானத்துக்குச் செய்தார். வால்நட்சத்திரம் போல ஏமாற்றும் 152 தெற்குப் பொருள்களைத் தம் பட்டியலில் சேர்த்தார். 1968 ஜூலையில் எம் 83ஐப் பார்த்தபோது அதற்குள் முன்பு இல்லாத ஒரு புள்ளி இருப்பதைக் கண்டார். அது ஒரு சூப்பர்நோவா; ஒரு நட்சத்திரத்தின் சாவு. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் கண்டுபிடித்த வால்நட்சத்திரம் அவர் பெயரையே தாங்கி 1970இல் வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. 1983இல் அதே எம் 83இல் வேறொரு சூப்பர்நோவாவைக் கண்டவர் ராபர்ட் எவன்ஸ், ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் இருந்த ஒரு கிறிஸ்தவப் போதகர். நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளின் தோற்றத்தை, சுற்றியுள்ள நட்சத்திரங்களோடு, மனப்பாடமாக வைத்திருந்தவர். கண்ணை வைத்ததும் புதுப்புள்ளி தெரிந்துவிடும் அவருக்கு. கண்ணாலேயே நாற்பதுக்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைப் பிடித்தார்.

தானாகத் திரும்பும் ‘கோ-டூ’ தொலைநோக்கி வாங்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. அது பொய்க்கருவி அல்ல. படம் எடுக்கிறவர்களுக்கும் மாறும் நட்சத்திரங்களை வரிசையாக அளக்கிறவர்களுக்கும் அது தேவை. தொடக்கத்தில் மட்டும் வேண்டாம் என்கிறேன். பொத்தானை அழுத்தி எம் 83இல் போய் நிற்கிறவருக்கு எம் 83 மட்டும் தெரியும். படிப்படியாக இறங்கி வந்தவருக்கு அதன் அக்கம்பக்கம் முழுதும் தெரியும். எவன்ஸின் மனப்பாடம் அப்படி வந்தது. செல்போனில் ஸ்டெல்லேரியம் செயலியைப் பகலில் பாருங்கள், எது எப்போது உச்சிக்கு வருகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். இரவில் மாடிக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். திரையை ஒருமுறை பார்த்தால் அத்தனையும் போய்விடும். வரைபடத்தைப் பார்க்க, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

மீண்டும் ஐயோட்டாவுக்கு வருவோம். அதற்குக் கீழே அரை முஷ்டியைவிடச் சற்று அதிகமாக இறங்கினால் சென்டாரஸ் ஏ. 1826இல் சிட்னிக்கு அருகே பாராமட்டாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் கண்ட கேலக்ஸி, 1.2 கோடி ஒளியாண்டு தூரம். இங்கேதான் பார்க்கும் முறையை மாற்ற வேண்டும். நேராக உற்றுப் பார்த்தால் மங்கலான பொருள் மறைந்துவிடும். விழித்திரையின் நடுப்புள்ளியில் நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்க்கும் செல்கள்தான் உள்ளன. இருட்டில் வேலை செய்யும் செல்கள் அதைச் சுற்றித்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே பொருளைவிட்டுச் சற்றுத் தள்ளிப் பாருங்கள். எந்தப் பக்கம் என்பதிலும் கவனம் வேண்டும்: பொருள் உங்கள் மூக்குப் பக்கமாக இருக்கட்டும். எதிர்ப்பக்கத்தில் குருட்டுப்புள்ளி இருக்கிறது. அதில் விழுந்தால் எதுவும் தெரியாது. வலக்கண்ணால் பார்த்தால் பொருளுக்கு வலப்புறமாகப் பார்வையை வையுங்கள். குழாயை ஒரு விரலால் மெதுவாகத் தட்டுங்கள். அசையும் மங்கலைக் கண் சுலபமாகப் பிடிக்கும். வட்டமான ஒரு வெளிறல் தென்படும். அதைக் குறுக்கே வெட்டும் தூசுப் பட்டை உங்கள் ஆடிக்குத் தெரியாது, அதற்குப் பெரிய ஆடி வேண்டும். 1986 மே மாதம் எவன்ஸ் அந்தத் தூசுப் பட்டைக்குள்ளேயே ஒரு சூப்பர்நோவாவைக் கண்டார்.

இன்னும் நாலரை டிகிரி கீழே, ஏறக்குறைய அதே கோட்டில், ஒமேகா சென்டாரி. அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரம். அதன் இடப்பக்கம் அரை முஷ்டியில் சீட்டா சென்டாரி பளிச்சென்று நிற்பது உங்களுக்கு அடையாளம். நல்ல இருட்டில் கொத்து வெறும் கண்ணுக்கே ஒரு மங்கிய நட்சத்திரமாகத் தெரியும். அப்படி நட்சத்திரம் என்றே பழங்கால வானியலாளர் தாலமி குறித்தார். 1603இல் தம் வான வரைபடத்தில் பாயர் அதற்கு ஒமேகா என்ற எழுத்தைக் கொடுத்ததும் நட்சத்திரம் என்று நினைத்துத்தான். 1677இல் செயின்ட் ஹெலனா தீவுக்குப் போயிருந்த எட்மண்ட் ஹாலி, அப்போது இருபது வயது இளைஞர், இது நட்சத்திரம் அல்ல என்று கண்டார்.

25 மி.மீ. ஐபீஸில் அது உங்கள் பார்வை வட்டத்துக்குள் நுழையும்போது நீங்கள் இதுவரை பார்த்த எதையும் போல இருக்காது. முழுநிலாவின் அளவுக்குப் பரந்த வெளிச்சம், நடுவில் அடர்ந்து, ஓரத்தில் கரைந்து போகும். பொறுமையாக இருந்தால் ஓரங்களில் பொடிப்பொடியாக நட்சத்திரங்கள் பிரியத் தொடங்கும். அதற்குள் இருப்பவை சுமார் ஒரு கோடி. 17,000 ஒளியாண்டு தொலைவு. நம் பால்வெளியைச் சுற்றும் கோளக் கொத்துகளில் இதுவே மிகப் பெரியது. வெகு காலத்துக்கு முன் பால்வெளி விழுங்கிய ஒரு சிறு கேலக்ஸியின் மிச்ச நடுப்பகுதியாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். 2024இல், ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், நடுவில் ஏழு நட்சத்திரங்கள் கொத்தை விட்டே ஓடிப்போக வேண்டிய வேகத்தில் ஓடியும் அங்கேயே இருப்பதைக் கண்டார்கள். ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. குறைந்தது 8,200 சூரியன்களின் எடையுள்ள கருந்துளை என்பது அவர்கள் முடிவு. அது சரியானால், நீங்கள் ஐபீஸில் பார்க்கும் அந்த வெளிச்சத்தின் நடுவில்தான் அது இருக்கிறது.

இடத்தையும் நாளையும் பற்றி இரண்டு வார்த்தை. அமாவாசையை ஒட்டிய நாள்களில் பாருங்கள். தெற்கே பார்க்கப் போவதால் டவுன் உங்களுக்கு வடக்கே இருக்க வேண்டும். உங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கும் உறவினர் வீடு ஏதாவது இருந்தால் அங்கே கருவியைக் கொண்டுபோங்கள். கத்திரி வெயில் காலத்தில் அடிவானம் தூசும் புழுக்கமுமாகக் கிடக்கும். ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கிடைத்தால் விடாதீர்கள். எனக்குப் பிடித்தது பிப்ரவரியின் விடியற்காலை. நாலு மணி வாக்கில் இதே கோடு இதே போல நிற்கும், காற்று தெளிந்திருக்கும். மகா சிவராத்திரி அன்று நிலா இருக்காது, வீட்டில் எல்லோரும் விழித்திருப்பார்கள். மூன்று நான்கு மணிக்கு மாடிக்கு அழைத்துப் போய்ப் பெரியவர்களுக்கும் காட்டுங்கள். சித்திரை, சுவாதி, அஸ்தம் என்று பெயர்களைச் சொல்லி வளர்த்தவர்கள் அவர்கள். அவர்களும் பார்க்கட்டும்.

ஒமேகாவைப் பிடித்த அன்று ஒரு வேலை செய்யுங்கள். நோட்டில் ஒரு வட்டம் போட்டு, பார்த்ததை அப்படியே பென்சிலால் வரையுங்கள். நாள், மணி, ஐபீஸ் எது என்று பக்கத்தில் எழுதுங்கள். கோளக் கொத்து என்றாலும் ஒமேகா சரியான கோளம் அல்ல. அது சுழல்வதால் சற்றே நசுங்கியிருக்கிறது. பெரும்பாலான கொத்துகளைவிட இதில் அந்த நசுங்கல் அதிகம். 76 மி.மீ. ஆடியில் அந்த நசுங்கல் தெரிகிறதா, தெரிந்தால் எந்தப் பக்கமாக நீண்டிருக்கிறது என்று படத்தோடு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.